லெலோங் போன வீடு, திரும்பி வந்த கிராண்ட்

கேட்டில் லெலோங் (ஏல) நோட்டீஸ் ஒட்டிய வீட்டுக்கு முதலில் வருவது வங்கிக்காரர் அல்ல, ‘உதவி செய்யலாம்’ என்று சொல்லிக்கொண்டு வரும் ஆள்தான். ஏல அறிவிப்பு பொது ஆவணம். யார் வீடு, எந்தத் தேதியில் ஏலம், ஒதுக்கு விலை என்ன என்பதெல்லாம் முகவரியோடு வெளியே வந்துவிடும். மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் அப்பாவின் ஒற்றை மாடித் தொடர்வீட்டை எங்கள் கையிலிருந்து பிடுங்கியது வங்கியின் ஏலம் இல்லை, அப்படி வந்த உதவி. 2022இல் போன வீட்டின் கிராண்ட் (உரிமைப் பட்டா) 2024இல் அப்பா பெயருக்கே திரும்பியது. எப்படி என்று சொந்தபந்தங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளாளுக்குப் போனில் சொல்வதைவிட எழுதிவிடுகிறேன்.

அப்பா லாரி ஓட்டியவர். 2020 ஏப்ரலில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா கொண்டுவந்த ஆறு மாதக் கடன் ஒத்திவைப்பில் மூச்சு விட்டோம். அது முடிந்த பிறகும் ஓட்டம் பழையபடி வரவில்லை. தவணை விழுந்தது. வங்கி 16டி நோட்டீஸ், அதாவது தவணை தவறியதற்கான எச்சரிக்கை, அனுப்பியது. தேசிய நிலச் சட்டத்தின்படி அதற்கு ஒரு மாத அவகாசம் உண்டு. அதற்குள் நிலுவையைக் கட்டாவிட்டால் வங்கி விற்பனை ஆணை கேட்கலாம். எங்களுடையது மாநில நிலப் பதிவகத்தில் பதிவான ‘பதிவாளர் பட்டா’ என்பதால் விவகாரம் ஜார்ஜ்டவுன் லைட் ஸ்திரீட்டில் உள்ள உயர்நீதிமன்றத்துக்குப் போனது. நில அலுவலகப் பட்டாவாக இருந்தால் நில நிர்வாகியே விசாரித்து ஆணை போடுவார். தனிப் பட்டா வராத அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே கடன் ஒப்பந்தத்திலேயே உரிமையை வங்கிக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். பல வேளைகளில் வங்கி நீதிமன்றப் படியே ஏறாமல் ஏலம் விட்டுவிடும்.

அந்தக் கட்டத்தில் அப்பாவுக்கு இரண்டு வழிகள் திறந்தே இருந்தன. ஒன்று, பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏகேபிகே. கடன் ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. வங்கியோடு பேசித் தவணையைத் திருத்தித் தர முயல்வார்கள். இரண்டாவது, நிலச் சட்டத்தின் 266ஆம் பிரிவு. விற்பனை முடிவதற்கு முன் எந்த நேரத்திலும், ஏல நாளன்று காலையில்கூட, கட்ட வேண்டியதைச் செலவோடு சேர்த்துக் கட்டிவிட்டால் ஆணை செல்லாமல் போகும். சுத்தி விழும்வரை வீடு உங்களுடையதுதான். இதை வங்கிக் கடிதம் எதுவும் கொட்டை எழுத்தில் சொல்லாது.

வந்தவர் தமிழர். அது முக்கியம், ஏனென்றால் பேச்சே அங்கிருந்துதான் ஆரம்பித்தது. “அண்ணே, பேங்க்காரன் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவான். நம்ம ஆளு வீடு நம்ம ஆளு கையிலயே இருக்கட்டும். ஒரு வருஷம் டைம் எடுத்துக்கங்க, அப்புறம் உங்க பேருக்கே மாத்திக்கலாம்.” அம்மா அவருக்குத் தேநீர் கலக்கிக் கொடுத்தார். அந்தத் தேநீரைப் பற்றி அம்மாவுக்கு இன்றுவரை ஆற்றாமை.

ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். வாங்குபவரின் லாயரே இரண்டு பக்கத்துக்கும். காகிதங்கள் மூன்று: விற்பனை ஒப்பந்தம், ஒரு வருடத்துக்குள் 130,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்துத் திரும்ப வாங்கும் உரிமை, மாதம் 2,400 வெள்ளி வாடகை ஒப்பந்தம். கூடவே வீட்டை மாற்றும் 14ஏ படிவம். விற்பனை விலை 180,000 என்று எழுதியிருந்தது. உண்மையில் கைமாறியது, வங்கிக் கடனை அடைக்க 68,000, அப்பா கணக்கில் போட்டது 12,000, ஆக 80,000. மிச்சத்தை ‘ஏற்கெனவே பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள்.

இப்போது 2,400ஐப் பாருங்கள். 80,000க்கு அது மாதம் மூன்று விழுக்காடு, வருடத்துக்கு 36. ஈடு வைத்த கடனுக்கு 1951ஆம் ஆண்டு வட்டிக்குப் பணம் கொடுப்போர் சட்டம் அனுமதிக்கும் உச்சம் வருடத்துக்கு 12. ஈடில்லாத கடனுக்கு 18. எங்கள் வரிசையில் எந்த வீட்டுக்கும் வாடகை ஆயிரத்தைத் தாண்டாது. வாடகை என்று பெயர் வைத்த வட்டி அது.

அப்பா முடிந்தவரை கட்டினார். வாடகை நின்றதும் ‘காலி பண்ணுங்க’ கடிதம் வந்தது. அப்போதுதான் எனக்கும் தம்பிக்கும் முழுக் கதையும் தெரிந்தது.

பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் விசாரித்தபோது முதலில் நிலத் தேடல், அதாவது உரிமையாளர் யார் என்று காட்டும் பதிவேட்டு நகல், எடுக்கச் சொன்னார்கள். கொம்தார் கட்டடத்தில் உள்ள நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி எடுத்த தாளில், உரிமையாளர் என்ற இடத்தில் முன்பின் தெரியாத ஒரு பெயர். வீட்டுக்கு வந்தவரின் பெயர்கூட இல்லை. அடமானம் எதுவும் பதிவாகவில்லை. அதைப் பார்த்ததும் எங்கள் லாயருக்கு வேர்த்துவிட்டது. “நாளைக்கே இவங்க இன்னொருத்தருக்கு வித்துட்டா, வாங்கினவரு நல்லெண்ணத்துல காசு கொடுத்து வாங்கினேன்னு சொல்லுவாருமா. நிலச் சட்டத்தோட 340ஆம் பிரிவு அவரைக் காப்பாத்தும். அப்புறம் நமக்கு வீடு கிடைக்காது, நஷ்ட ஈடு வேணும்னா கேட்டுக்கலாம்.” அதனால் வழக்குக்கு முன்னால் கேவியட், அதாவது பட்டாவில் பதியும் தடைக் குறிப்பு. 19பி படிவம், அப்பாவின் சத்தியப் பிரமாணம், கட்டணம். தனியார் கேவியட் பதிவாகிவிட்டால், யாரும் நீக்காதவரை ஆறு வருடம் நிற்கும். அதற்குள் வீட்டை வேறு பெயருக்கு மாற்ற முடியாது. மொத்த விவகாரத்திலும் சீக்கிரம் முடிந்த வேலை இதுதான், எங்களைக் காப்பாற்றியதும் இதுதான்.

கேவியட் போட்ட விஷயம் தெரிந்ததும் இரண்டு பேர் வந்து கேட்டுக்குச் சங்கிலி போட்டார்கள். அம்மா உள்ளே இருந்தார். போலீஸ் புகார் கொடுத்தோம், லாயர் அவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவுப்படி, வாடகை முடிந்த பிறகும் குடியிருப்பவரை நீதிமன்றத்தின் மூலமாகத்தான் வெளியேற்ற முடியும். வீட்டுக்காரரே ஆனாலும் பூட்டுப் போட முடியாது, தண்ணீர் மின்சாரத்தை வெட்ட முடியாது. இது உண்மையான வாடகைக்காரர்களுக்கும் பொருந்தும், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கில் நாங்கள் காட்ட வேண்டியது ஒன்றே: இது விற்பனை அல்ல, விற்பனை வேஷம் போட்ட கடன். மலாய்க்காரர் வழக்கத்தில் ‘ஜுவால் ஜாஞ்சி’ என்று நிலத்தை விற்பதுபோல் எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கி, பிறகு மீட்டுக்கொள்ளும் முறை நெடுங்காலமாக உண்டு. காகிதத்தின் தலைப்பைத் தாண்டி உள்ளே நடந்தது என்ன என்று நம் நீதிமன்றங்கள் பார்த்த வழக்குகள் இருக்கின்றன என்றார் லாயர். ஆனால் ஆதாரம் வேண்டும்.

ஆதாரம் அம்மாவின் பிஸ்கட் டின்னில் இருந்தது. அம்மா எதையும் தூக்கிப் போடமாட்டார், நாங்கள் அதற்காகக் கிண்டல் செய்ததும் உண்டு. லாயர் மேசையில் அதைக் கவிழ்த்தோம். செபராங் பிறை மாநகராட்சியின் வீட்டுவரி ரசீதுகள், நிலவரி ரசீதுகள், கூரை மாற்றிய பில், தண்ணீர் பில். ‘விற்ற’ தேதிக்குப் பிறகும் வீட்டுவரி அப்பா பெயரிலேயே வந்திருக்கிறது, அப்பாவே கட்டியிருக்கிறார். இத்தனை விலை கொடுத்து வீடு வாங்கியவர் மாநகராட்சியில் பெயர் மாற்றக்கூட இல்லை! லாயர் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டே வந்தவர் கூரை பில்லில் நின்றுவிட்டார். கூரை ஒழுகினால் வாடகைக்காரர் யாரிடம் சொல்வார்? வீட்டுக்காரரிடம். அப்பா தன் காசைப் போட்டு மாற்றியிருக்கிறார். அதற்கு மஞ்சள் ஒட்டுத்தாள் போட்டுத் தனியாக வைத்தார். பிறகு 68,000 அடைத்ததைக் காட்டும் வங்கிக் கணக்கு, 12,000 விழுந்த அப்பாவின் பாஸ்புத்தகம். 180,000இல் மீதி எங்கே போனது என்று காட்டும் பொறுப்பு எதிர்த்தரப்புக்கு வந்தது.

இன்னொரு பிடி வட்டிக்குப் பணம் கொடுப்போர் சட்டத்தின் 10ஓஏ பிரிவில் கிடைத்தது. ஒருவர் வட்டிக்கு ஒரே ஒரு கடன் கொடுத்தது நிரூபணமானாலும், அவர் வட்டித் தொழில் செய்பவர் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. வீடமைப்பு ஊராட்சித்துறை அமைச்சின் உரிமம் எங்கள் எதிர்த்தரப்பிடம் இல்லை. உரிமம் இல்லாதவரின் கடன் ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் அமல்படுத்த முடியாது என்கிறது அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு.

இத்தனை இருந்தும் தீர்ப்புவரை போகவில்லை. விசாரணைக்கு முன் நீதிமன்றச் சமரசத்துக்கு இரு தரப்பும் சம்மதித்தோம். தம்பிக்கு இதில் இன்னும் கோபம். ஒரு காசு கொடுக்காமல் வீட்டை வாங்கியிருக்கலாம் என்பான். ஒப்பந்தம் செல்லாது என்றானால், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 66ஆம் பிரிவைக் காட்டி அவர்கள் அசலையாவது கேட்பார்கள், மேல்முறையீடு என்று வருடங்கள் ஓடும் என்று லாயர் எடுத்துச் சொன்னார். அப்பாவுக்கு அப்போதே அறுபத்தாறு. எனக்கு லாயர் சொன்னதே சரியாகப் பட்டது. முடிவு இதுதான்: வட்டி இல்லை, அசல் மட்டும். அதுவரை கட்டிய ‘வாடகை’ 24,000 அசலில் கழியும். மீதி 56,000.

அந்த 56,000த்துக்கு அம்மா கூட்டு (சீட்டு) எடுக்கலாம் என்றார். வட்டி முதலையிடமிருந்து வீட்டை மீட்க, 1971இலேயே சட்டம் போட்டுத் தடை செய்த கூட்டா என்று லாயர் சிரித்துவிட்டார். கடைசியில் தம்பி தன் பெயரில் வங்கித் தனிநபர் கடன் எடுத்தான். குறைந்ததற்கு என் நகையும் அம்மாவின் சங்கிலியும் போயின.

சமரசத்தை நீதிமன்றம் பதிவு செய்யும் சம்மத ஆணையின் வாசகத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ‘வீட்டைத் திருப்பித் தருவார்’ என்று மட்டும் எழுதினால், பட்டாவில் பெயர் உள்ளவர் 14ஏவில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கலாம். எங்கள் ஆணையில், பழைய மாற்றம் செல்லாது, பதிவேட்டில் அப்பாவின் பெயரை மீண்டும் எழுத வேண்டும் என்று நிலச் சட்டத்தின் 417ஆம் பிரிவின் கீழ் பதிவாளருக்கே உத்தரவு இருந்தது. அவர் கையெழுத்துக்காகக் காத்திருக்கத் தேவைப்படவில்லை. பணம் லாயர் கணக்கில் நின்றது; பெயர் பதிவான பிறகுதான் அந்தப் பக்கம் போனது.

பெயர் மாறியதும் கேவியட்டை நாங்களே எடுத்துவிட்டோம். வீட்டை அடுத்து என்ன செய்வது என்பதில்தான் இப்போது பேச்சு. பெற்றோர் அன்பின் பேரில் பிள்ளைக்கு மாற்றும் சொத்துக்கு, 2023 ஏப்ரல் முதல், முதல் பத்து லட்சம் வெள்ளிவரை முத்திரைத் தீர்வை முழுவதும் விலக்கு. தம்பி பெயருக்கு மாற்றிவிடலாம், கடனைக் கட்டுவது அவன்தானே என்று நான் சொல்கிறேன். அப்பா அசைய மறுக்கிறார். யார் பெயருக்கும் எந்தக் காகிதத்திலும் இனிக் கையெழுத்துப் போடமாட்டாராம்.