சனிக்கிழமை சம்பளம்

திருப்பூரில் சனிக்கிழமைதான் சம்பளம். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டிவிட்டு வெளியே வந்தால், கேட்டில் கட்டிங் மாஸ்டர். "பாப்பாவுக்கு இருமல் நின்னுதுங்களா?" என்று கேட்டு ஊத்துக்குளி வெண்ணெயை நீட்டினார். 'ங்க' போடாமல் என்னிடம் பேசியதே இல்லை. கல்யாணம் பண்ணிக்கலாமா என்று கேட்டதும் அப்படித்தான், தரையைப் பார்த்துக்கொண்டு.

சரி சொல்ல வாயெடுத்தேன். போனில் அவன்.

"அம்மிணி, காங்கேயம் ரோட்டுல நிக்கறேன், வர்றியா?"

வாங்கிய ஐயாயிரத்தைத் தராதவன். இரண்டு மாதம் காணாமல் போனவன். அந்தக் குரலுக்கு இன்னமும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வெட்கக்கேடு.

இப்போது வீட்டில் பாப்பா தோசைக்கு இன்னும் வெண்ணெய் கேட்கிறாள். போன் திரும்ப அடிக்கிறது. கவிழ்த்து வைத்திருக்கிறேன். அணைக்கத்தான் கை வரவில்லை.