மேல் ஐந்நூறு மீட்டர்

செம்புறாங்கல் பூமியான காரைக்குடிப் பக்கத்தில் பிறந்து, கடலுக்கு அடியில் எண்ணெயும் எரிவாயுவும் எவ்வளவு இருக்கக்கூடும் என்று மதிப்பிடும் வேலையில் முப்பது ஆண்டுகள் இருந்தேன். உறவினர்களுக்கு அது ஊருக்குச் சம்பந்தமில்லாத தொழிலாகத் தோன்றியது. ஆனால் காவிரிப் படுகையின் மேற்கு விளிம்பு எங்கள் சிவகங்கைச் சீமையில்தான் தொடங்குகிறது. கோண்டுவானாப் பெருங்கண்டம் பிளந்த காலத்தில் தாழ்ந்த அந்த நிலத்தில் படிந்த அடுக்குகள், கிழக்கே போகப்போகக் கனத்து, தொண்டிக் கரையைக் கடந்து பாக் நீரிணைக்கு அடியிலும் தொடர்கின்றன. 1985இல் நாகப்பட்டினம் அருகே நரிமணத்தில் கிடைத்த எண்ணெயும், 1988இல் கடற்பகுதியில் கண்டறியப்பட்ட பி.ஒய்-3 என்ற எண்ணெய் வயலும், இராமநாதபுரம் பக்கத்து எரிவாயுவும் இந்த ஒரே படுகையின் விளைச்சல்தான்.

விடுமுறையில் வீட்டுக்கு வந்தால் அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) முதலில் கேட்பது, "எண்ணெய் இருக்கா இல்லையாப்பா?" என்பதுதான். வாழ்நாளெல்லாம் பற்று வரவு எழுதியவர் அவர். முற்றத்துத் தூணருகே உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். எண்ணெயை உருவாக்கும் மூலப்பாறை இருக்க 80 சதவீத வாய்ப்பு, அதைத் தேக்கும் மணற்பாறைக்கு 70, அடைத்து நிற்கும் அமைப்புக்கு 60, மேலே கசியாமல் மூடும் களிப்பாறைக்கு 70 என்று வைத்தால், நான்கையும் பெருக்க ஏறத்தாழ 23.5 சதவீதம்தான் வருகிறது. அதாவது இப்படிப்பட்ட நான்கு கிணறுகளில் மூன்று வறண்டு போகலாம். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது வரவு. பற்று எங்கேப்பா?" என்றார்.

அந்தக் கேள்வி என் தொழிலின் பலவீனமான இடத்தைத் தொட்டது. இரண்டாயிரம், மூவாயிரம் மீட்டர் ஆழத்து இலக்குக்கு மாதக்கணக்கில் நேரம் கொடுக்கும் நாங்கள், கடல்தரைக்குக் கீழே முதல் ஐந்நூறு மீட்டரை அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் முடித்துவிடுவோம். ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் காத்திருக்கிறது. மெல்லிய கெட்டி அடுக்கின் கீழே இளகிய களிமண் இருந்தால், கடல்தரையில் கால் ஊன்றி நின்று கிணறு துளைக்கும் துரப்பண மேடையின் ஒரு கால் திடீரென உள்ளே இறங்கிவிடும். மேல்மணலில் வாயு அடைபட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்த ஆழத்தைத் துளைக்கும்போது, கிணற்றை அடைக்கும் பாதுகாப்புக் கருவியை இன்னும் பொருத்தியிருக்க மாட்டார்கள். வாயு பீறிட்டால் அடைக்க வழியில்லை. திசைதிருப்பி வெளியே விடத்தான் முடியும்.

ஒருமுறை எங்கள் படத்தில் அப்படியொரு இடத்தைப் பார்த்தேன். ஒலி அலைகளைக் கீழே அனுப்பி, திரும்பும் எதிரொலிகளால் வரையும் நில அதிர்வுக் குறுக்குவெட்டில், கடல்தரையிலிருந்து சுமார் முந்நூறு மீட்டர் கீழே, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு பளிச்சென்று தெரிந்தது. அதன் எதிரொலி கடல்தரை எதிரொலிக்குத் தலைகீழாக இருந்தது. அதற்குக் கீழேயுள்ள அடுக்குகள் மங்கி, லேசாகத் தொய்ந்து கிடந்தன. வாயு புகுந்த மணலில் ஒலியின் வேகம் குறைவதால் வரும் அடையாளங்கள் இவை. கிணற்றுக்குக் குறித்திருந்த புள்ளி அதன் நேர்மேலே இருந்தது.

நான் பணியாற்றிய நிறுவனத்தில் அதைச் சொன்னபோது, மேடையின் நாள்வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது, இலக்கின் உச்சியை விட்டு விலகினால் கிணற்றின் மதிப்பே குறையும் என்றார்கள். அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் மக்கோண்டோ கிணறு வெடித்து பதினொருவர் இறந்திருந்தனர். காரணம் வேறு, ஆழமும் வேறு என்றாலும், கிணற்றின் மேல் மனிதர்கள் தூங்குகிறார்கள் என்பதை அதன்பின் என்னால் மறக்க முடியவில்லை. எட்டு பக்கத்தில் தனிக்குறிப்பு எழுதி, நானூறு மீட்டர் தென்கிழக்கே நகர்த்தி, அங்கிருந்து சாய்வாகத் துளைத்து இலக்கை அடையலாம் என்று கேட்டேன். இரண்டு வாரம் கடுமையான வாக்குவாதம் நடந்து, கடைசியில் நகர்த்தினார்கள்.

கிணறு இலக்கை அடைந்தது. மணற்பாறை நன்றாக இருந்தது, உள்ளே தண்ணீர்தான் இருந்தது. என்னோடு வாதாடியவர்களில் ஒருவர், அந்தக் கறுப்புக் கோட்டில் உண்மையிலேயே வாயு இருந்ததா என்று பிறகு கேட்டார். யாரும் அங்கே துளைக்கவில்லை என்பதால், இருந்தது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. அப்பச்சியிடம் இதைச் சொன்னேன். மேடையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டார். எண்பதுக்கு மேல் என்றேன்.