21 நாள் தும்பிக்கை

மூக்கு நுனிக்குச் சற்று இடதுபக்கம் மிளகு அளவில் ஒரு கறுப்புப் பரு. காயும், பொருக்கு உதிரும், லேசாக ரத்தம் கசியும், மறுபடி பொருக்குக் கட்டும். கொசுக்கடியைச் சொறிந்தது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஊரில் ஒரு கிளினிக்கில் கொடுத்த களிம்பைப் போட்டே எட்டு மாதம் ஓட்டியாச்சு. ஒரு கல்யாண வீட்டில் நர்ஸாக இருக்கும் தம்பி மகள் பார்த்துவிட்டு, "பெரியப்பா, இதைச் சும்மா விடக்கூடாது" என்று மறுநாளே பாளையங்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

சதை எடுத்துப் பார்த்ததில் பேசல் செல் கார்சினோமா என்று வந்தது. தோல் புற்றுநோய்தான். வேறு உறுப்புக்குப் பரவுவது ரொம்ப அபூர்வம், ஆனால் விட்டால் இருக்கிற இடத்தையே அரித்துக்கொண்டு போகும் என்றார் டாக்டர். அம்பாசமுத்திரம் பக்கம் வாழைத் தோட்டத்தில் முப்பது வருஷம் வெயில் தின்ற மூக்கு.

சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலோடு சேர்த்து வெட்டினார்கள். வெட்டிய ஓரம் சுத்தம், அங்கே புற்று இல்லை என்று ரிப்போர்ட் வரும்வரை அடைக்கவில்லை, கட்டு மட்டும்தான். 2 செ.மீ. குழி. அடியில் குருத்தெலும்பும் கொஞ்சம் போயிருந்தது.

தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டிவிடலாமே என்று கேட்டேன். அப்படி ஒட்டும் தோலுக்குச் சொந்தமாக ரத்த ஓட்டம் கிடையாது, வெறும் குருத்தெலும்பின் மேல் பிடிக்காது, நிறமும் சேராது என்றார். சின்னக் காயம் என்றால் பக்கத்துத் தோலையே நகர்த்திவிடலாம், மூக்குமடல் என்றால் கன்னத்து மடிப்பிலிருந்து எடுக்கலாம். எனக்கு நெற்றிதான். புருவத்தின் உள்முனை வழியாக ஒரு ரத்தக்குழாய் மேலே ஏறுகிறதாம். அதை அறுக்காமல், நெற்றித் தோலைப் பட்டையாகக் கிளப்பி, திருப்பி, மூக்கில் தைப்பது. காதிலிருந்து துளி குருத்தெலும்பும் எடுத்து வைத்தார்கள்.

ஆபரேஷன் மேஜையில், மயக்கம் கொடுக்கும் முன், தையல் நூல் வந்த ஜிகினா உறையைக் காயத்தின் அளவுக்கு வெட்டி, நெற்றியில் தலைகீழாக வைத்து மையால் வரைந்தார் டாக்டர். அப்போதுதான் பழைய கதையும் சொன்னார். திப்புவின் ஆட்கள் மூக்கறுத்த கொவாஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்கு, புனே பக்கம் நம் நாட்டு வைத்தியர் ஒருவர் இதேபோல் நெற்றித் தோலில் மூக்கு செய்ததை 1794-இல் லண்டன் பத்திரிகையில் போட்டார்களாம். அன்று ஜிகினாவுக்குப் பதில் மெழுகுத் தகடு. அதைப் படித்த கார்ப்யூ என்ற இங்கிலாந்து டாக்டர் 1814-இல் செய்து பார்த்தாராம். மயக்க மருந்தே இல்லாத காலம். என் பயம் பாதி குறைந்தது.

இனிதான் விஷயம். புதுத்தோல் மூக்கிலிருந்து ரத்தம் இழுக்கப் பழகும்வரை பட்டையை வெட்ட முடியாது. மூன்று வாரம் புருவத்துக்கும் மூக்குக்கும் நடுவே சதைப்பாலம் தொங்கும். இதை ஒரு போட்டோ காட்டிச் சொல்லியிருக்கலாம். கண்ணாடியைப் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை. பேரன் மட்டும் அசரவில்லை: "தாத்தாவுக்குத் தும்பிக்கை முளைச்சிட்டு!"

முதல் இரண்டு நாள் சிஸ்டர் அடிக்கடி வந்து நுனியை விரலால் அழுத்துவார். வெளுத்து மறுபடி நிறம் வந்தால் சரி, கருநீலமானால் ஆபத்து. தும்பிக்கையின் பின்பக்கம் தோல் கிடையாது, கசிந்துகொண்டே இருக்கும், வாசலின் துணி சுற்றி வைப்பார்கள். குனியக்கூடாது. தலைக்கு இரண்டு தலையணை. ரத்தக்குழாய் சுருங்கும் என்று பீடியை ஒரு மாதம் முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். மூக்குக் கண்ணாடி உட்கார இடமில்லை. ஒரு காலைப் பிடித்துப் பூதக்கண்ணாடி மாதிரி வைத்துத் தினத்தந்தி படித்தேன். அந்த வருஷம் ஆனித் தேரோட்டமும் டிவியில்தான்.

ஒரு வேடிக்கை. மூக்கில் ஈ உட்காரும், கை நெற்றிக்குப் போகும். தோல் இடம் மாறிவிட்டது, நரம்புக்குத் தெரியவில்லை.

22-ஆம் நாள் பட்டையை வெட்டினார்கள். அது சின்ன வேலை. நெற்றியில் மேலே தையல் எட்டாத இடத்தை அப்படியே விட்டு, களிம்பு போட்டு ஆற வைத்ததுதான் இழுத்தது, ஒன்றரை மாதம். இப்போது அங்கே வெளிறிய ஒரு தழும்பு. திருநீறு பூசினால் தெரியாது.

எனக்குக் குட்டை நெற்றி என்பதால் எடுத்த தோலின் ஓரத்தில் கொஞ்சம் தலைமுடி வேரும் வந்துவிட்டது. டாக்டர் முன்பே எச்சரித்ததுதான். மாதம் ஒருமுறை சலூன் நாற்காலியில் உட்கார்ந்தால் கடைக்காரத் தம்பி சிரிக்காமல் கேட்பான்: "அண்ணாச்சி, மூக்குக்கும் சேர்த்துத்தானே?"