வாசலில் இருந்து முதல் பத்தடி

வெளியே மைனஸ் 12 டிகிரி என்றால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து வயதான அப்பாவைக் கிளம்பவிடாமல் பிடித்து வைப்பார்கள். மறுநாள் வெயில் எட்டிப் பார்த்து 1 டிகிரிக்கு ஏறிவிட்டால், "இன்னைக்குப் பரவாயில்லப்பா, போய்ட்டு வாங்க" என்று கதவைத் திறந்துவிடுவார்கள். வழுக்கி விழும் விஷயத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். கடுங்குளிரில் ஐஸ் காய்ந்து கிடக்கும், ஷூவுக்குக் கொஞ்சமாவது பிடி கிடைக்கும். பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போதுதான் ஐஸ் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். சமதளத்தில் சாதாரணமாக நடக்க உராய்வுக் குணகம் (தரையில் கிடைக்கும் பிடியைச் சொல்லும் எண்) சுமார் 0.2 வேண்டும். ஈர ஐஸில் வழுவழுப்பான சோலுக்கு அதில் பாதிகூடக் கிடைக்காது.

இன்னொரு ஏமாற்று, போன் காட்டும் வெப்பநிலை. அது தரைக்கு மேலே ஆள் உயரத்தில் அளந்த காற்றின் வெப்பம். மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். காற்று 2, 3 டிகிரி இருக்கும்போதே நடைபாதை பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். பகலில் உருகி வழிந்த தண்ணீர் அப்படியே கண்ணாடித் தகடாக உறைந்துவிடும். இதைத்தான் பிளாக் ஐஸ் என்கிறோம். அதற்கென்று ஒரு நிறம் கிடையாது. அடியில் இருக்கும் தார் தெரிவதால் "ஈரமாக இருக்கிறது" என்று மட்டும் நினைப்போம். ஜன்னலிலிருந்தே சோதிக்க ஒரு வழி உண்டு: தெரு ஈரமாக மின்னுகிறது, ஆனால் போகிற கார்களின் டயரில் இருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால், அது தண்ணீர் இல்லை.

எங்கே தேடுவது? கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயின் வாய்க்கு எதிரே, நாள் முழுக்க நிழல் விழும் சுவரோரம், சக்கர நாற்காலிச் சரிவு, சிறு பாலம் (மேலும் கீழும் காற்று பட்டு முதலில் உறைவது அதுதான்), சாலையில் பெயின்ட் அடித்த கோடுகள், இரும்பு மூடிகள், மரப்படிகள். ஐஸ் மேல் அரை அங்குலம் புது ஸ்னோ விழுந்து மூடியிருந்தால் அது இன்னும் மோசம். ஸ்னோவைப் பார்த்து "மெத்தென்று இருக்கிறது" என்று நம்பிக் காலை வைத்துவிடுவோம்.

ஆனால் இதையெல்லாம் விட எனக்குப் பெரிய கவலை வாசலில் இருந்து முதல் பத்தடிதான். கதவைப் பூட்டிக்கொண்டே, கையுறையை மாட்டிக்கொண்டே, "பை எடுத்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே முதல் படியில் கால் வைப்போம். கவனம் இன்னும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். அதனால் காசும் உழைப்பும் செலவழிப்பதாக இருந்தால் முதலில் இங்கே செலவழிக்க வேண்டும்.

உப்பு டப்பாவைக் கதவுக்கு உள்ளே வையுங்கள். பலர் வண்டிக் கொட்டகையில் வைத்துவிட்டு, அதை எடுக்க ஐஸ் மேலேயே நடந்து போகிறார்கள்! மூடியில் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பா போதும். வாசலுக்குள் நின்றபடியே முதல் படியில் தூவி, அது பிடித்த பிறகு அடுத்தது. ஸ்னோ இருந்தால் முதலில் அதைத் தள்ளிவிட்டுத்தான் உப்பு. ஸ்னோ மேல் போட்டால் அது சொதசொதவென்று ஆகி, இரவில் மறுபடி உறையும். (தள்ளுவது வயதானவர் வேலை இல்லை. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறியிருக்கும் நேரத்தில் கனமான மண்வெட்டியைத் தூக்குவது இதயத்துக்கு ஆகாது.)

அளவில் எல்லோரும் தவறுகிறார்கள். ஒரு காபிக் கோப்பை உப்பு, கார் நிற்கும் 20 அடிப் பாதைக்குப் போதும். பரல்களுக்கு இடையே இடைவெளி தெரிய வேண்டும், வெள்ளையாகப் பரப்பக் கூடாது. சாதாரண உப்பு மைனஸ் 9, 10 டிகிரிக்குக் கீழே பெரிதாக வேலை செய்யாது. அந்தக் குளிரில் கால்சியம் குளோரைடு மைனஸ் 25 வரைகூட உருக்கும். ஆனால் அதை அள்ளிப் போட்டால் எண்ணெய் போல ஒரு பிசுபிசுப்பு தங்கி, ஷூவோடு வீட்டுக்குள் வந்து டைல்ஸில் வழுக்கும். இரண்டும் இல்லையென்றால் சொரசொரப்பான மணல். அது ஐஸை உருக்காது, பிடிமானம் மட்டும் தரும். அவசரத்துக்கு அதுவே போதும். வெந்நீர் மட்டும் ஊற்றாதீர்கள். பத்து நிமிடத்தில் அதுவே ஒழுங்கான ஐஸ் தகடாகிவிடும்.

கதவுக்குப் பக்கத்தில் கைப்பிடியுள்ள ஒரு நாற்காலி வேண்டும். க்ளீட் எனப்படும் ஆணி வைத்த ரப்பர் வலையை ஷூவில் மாட்டுவது உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. ஒற்றைக் காலில் நின்று அதை இழுக்கும்போதே விழுந்துவிடலாம். நாற்காலியில் இருந்து கதவு வரை ரப்பர் விரிப்பு போடுங்கள், ஏனென்றால் ஐஸில் கடிக்கும் அதே இரும்பு ஆணி டைல்ஸிலும் மார்பிளிலும் சறுக்கும். கடைக்குள், ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதும் இதே கதைதான். உள்ளே உட்கார இடம் இருக்கிறதா என்று தெரியாவிட்டால், ஒற்றை அசைவில் ஆணியை மடக்கக்கூடிய வகையை வாங்குவது நல்லது.

க்ளீட்டில் கம்பிச் சுருள் வகை, சங்கிலி வகை, ஆணி வகை என்று மூன்று பரவலாகக் கிடைக்கும். எதுவானாலும் குதிகாலுக்கு அடியில் ஏதாவது இருக்க வேண்டும். நடையில் முதலில் தரையைத் தொடுவது குதிகால். வழுக்கல் தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். முன்பாதத்துக்கு மட்டும் பற்கள் வைத்த மலிவு வகையைத் தொடாதீர்கள். க்ளீட் உதவும் என்பது வெறும் விற்பனைப் பேச்சு இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஏற்கெனவே விழுந்த அனுபவமுள்ள, 65 வயது தாண்டிய 109 பேரை வைத்துச் செய்து 2005-ல் வெளியான ஆய்வில், கம்பிச் சுருள் வகையை மாட்டியவர்கள் வெளியில் விழுவது பாதிக்கும் கீழே குறைந்தது.

ஷூவைப் பொறுத்தவரை "விண்டர் பூட்ஸ்" என்ற லேபிளை நம்ப வேண்டாம். கதகதப்பாக இருக்கும் என்பதற்குத்தான் அது உத்தரவாதம், பிடிமானத்துக்கு இல்லை. டொரன்டோவில் சாய்த்துக்கொண்டே போகும் ஐஸ் தரையில் ஆட்களை நடக்கவிட்டு பூட்ஸ்களைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. அவர்கள் 2016-ல் வெளியிட்ட முதல் பட்டியலில் 98 வகைகளில் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. தேற வேண்டிய சரிவு வெறும் 7 டிகிரிதான். கடையில் நீங்களே செய்யக்கூடியது, நகத்தால் சோலை அழுத்திப் பார்ப்பது. மென்மையான ரப்பர் கொஞ்சம் உள்வாங்கும். நகம் அசையாமல் நின்றால் அது குளிரில் இன்னும் பிளாஸ்டிக் போல இறுகிவிடும். குதி தாழ்வாக, அகலமாக இருக்கட்டும். எதுவுமே கையில் இல்லாத அவசரத்தில் ஷூவுக்கு மேலே தடித்த கம்பளி சாக்ஸை மாட்டிக்கொள்ளலாம். சிரிக்காதீர்கள், நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதைச் சரிவான ஐஸ் பாதையில் சோதித்து, பிடிமானம் கூடுவதாகக் கண்டார்கள். 2010-ல் அதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது, அதாவது சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிக்கான பரிசு.

நடையை மாற்றாமல் எதை மாட்டினாலும் அரைப் பயன்தான். எட்டி வைத்து நடந்தால் கால் சாய்வாக இறங்கி முன்னால் தள்ளும். பாதத்தைத் தட்டையாக, நேர் கீழே வைக்க வேண்டும். ஒரு பாத நீளத்துக்கு மேல் எட்டு வேண்டாம். கால்கள் சற்று அகன்று, விரல்கள் லேசாக வெளிப்பக்கம் பார்த்து, முட்டி கொஞ்சம் தளர்ந்து, உடல் எடை முன்வைத்த காலுக்கு மேலே நிற்க வேண்டும். பென்குயின் நடை என்று சொல்வது இதைத்தான். கை பாக்கெட்டில் இருக்கக் கூடாது. பையை முதுகில் போடுங்கள். ஒரு கையில் தொங்கினால் அந்தப் பக்கமே சாய்க்கும். திரும்ப வேண்டுமென்றால் இடுப்பை முறுக்காமல் நாலைந்து சிறு எட்டுகளில் வளைந்து திரும்ப வேண்டும்.

கைத்தடி வைத்திருப்பவர்கள் கவனிக்காமல் விடும் விஷயம், அதன் உயரம். கை தொங்கும்போது மணிக்கட்டு ரேகைக்குத் தடியின் பிடி வர வேண்டும் என்று வீட்டுச் செருப்போடு அளந்திருப்பார்கள். தடித்த பூட்ஸும் க்ளீட்டும் சேர்ந்தால் ஆள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்ந்துவிடுவார். தடி குட்டையாகி, அவர் முன்னால் குனிவார். அலுமினியத் தடி என்றால் ஒரு துளை ஏற்றுங்கள். நுனியில் மாட்டும் ஐஸ் ஆணி மடக்கும் வகையாக இருக்கட்டும். அதைக் கையுறையோடு மடக்கித் திறக்க வீட்டிலேயே பழகிவிட வேண்டும், கடை வாசலில் நின்று கற்றுக்கொள்ள முடியாது. சக்கர வாக்கர் ஸ்னோவில் சிக்கும், ஐஸில் பிரேக் பிடித்தாலும் சக்கரம் அப்படியே சறுக்கும். ஐஸ் நாளில் அதை நம்பி வெளியே போக வேண்டாம் என்பதே என் கருத்து.

படியில் ஒரு கை கைப்பிடியில், மறு கையில் தடி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். பின்னிய கம்பளிக் கையுறை உறைந்த இரும்புக் கைப்பிடியில் வழுக்கும். உள்ளங்கையில் ரப்பர் வைத்ததாக வாங்குங்கள்.

காரில் இருந்து இறங்குவது தனி வித்தை. கதவைத் திறந்ததும் இரண்டு காலையும் ஒன்றாக வெளியே திருப்பி, உட்கார்ந்தபடியே பாதத்தைத் தேய்த்துப் பாருங்கள். சறுக்கினால் இறங்க வேண்டாம், வண்டியை நகர்த்தச் சொல்லுங்கள், அல்லது காரிலேயே ஒரு டப்பாவில் இருக்கும் மணலைக் காலடியில் தூவுங்கள். எழும்போது கார்ச் சட்டத்தைப் பிடிக்க வேண்டும், கதவை அல்ல. கதவு ஆடும். ஏறும்போது முதுகைக் காட்டி நின்று, கெண்டைக்கால் வண்டியில் பட்டதும் முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே இழுப்பது.

கூட வரும் பிள்ளைகளுக்கு ஒன்று. அம்மாவின் கையை நீங்கள் இறுக்கிப் பிடிக்காதீர்கள், உங்கள் முழங்கையை அவர்கள் பிடிக்கட்டும். நீங்கள் பிடித்தால் அவர்களுக்குச் சமநிலைக்கு வீச ஒரு கை குறைகிறது, நீங்கள் இழுக்கிற வேகத்துக்கு அவர்கள் வர வேண்டியிருக்கிறது. வலுக்குறைந்த பக்கம், அரை எட்டுப் பின்னால் நில்லுங்கள். உங்களுக்கும் க்ளீட் வேண்டும். விழப் போனால் தூக்கிப் பிடிக்க முயன்றால் இருவரும் விழுவீர்கள். உங்கள் உடலை ஒட்டி மெல்லக் கீழே சரியவிடுங்கள்.

கண்ணாடி விஷயத்தை யாரும் சொல்வதில்லை. இரட்டைக் குவிய லென்ஸும் புராக்ரெசிவும் போட்டவர்கள் கீழே பார்க்கும்போது படிக்கும் பகுதி வழியாகப் பார்ப்பார்கள். காலடித் தரை மங்கலாகத் தெரியும். நிறைய வெளியே போகிறவர் என்றால் தூரப்பார்வைக்கு மட்டுமான கண்ணாடி ஒன்று தனியாகச் செய்துவிடலாம். வெயிலில் கறுக்கும் லென்ஸ் குளிரில் இன்னும் அதிகமாகக் கறுக்கும், தெளியவும் நேரமெடுக்கும். கட்டடத்துக்குள் நுழைந்ததும் ஈரத்தரையில் இருட்டில் நிற்பது போல இருக்கும். வாசலிலேயே ஓரமாகக் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகட்டும். தலையை மூடும் ஜாக்கெட் தொப்பி பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும், கம்பளிக் குல்லா மேல்.

ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு எழுந்ததும் தலைசுற்றல் வரலாம். மாத்திரை போட்டவுடன் கிளம்ப வேண்டாம். காலை 10-க்கு மேல், உப்பு வேலை செய்த பிறகு, வெயில் இறங்குவதற்குள் திரும்புவது போல வைத்துக்கொள்ளுங்கள். உறைமழை பெய்கிற நாளில், அதாவது மழையாக விழுந்து தரையில் பட்டதும் ஐஸாகும் நாளில், மேலே சொன்ன எதுவும் போதாது. அன்று வீட்டிலேயே நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழட்டும். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் தொடை வலு போய்விடும். பிறகு ஐஸ் இல்லாத தரையிலும் விழுவார்கள்.

விழுந்துவிட்டால் உடனே எழக் கூடாது. எங்கே வலிக்கிறது என்று ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். இடுப்பில் வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்றால் அசையவே கூடாது. அடியில் கோட்டையோ பையையோ செருகி, ஆம்புலன்ஸ் வரும்வரை போர்த்தி வையுங்கள். அடி இல்லையென்றாலும் ஐஸ் நடுவில் எழ முயல வேண்டாம். பக்கவாட்டில் புரண்டு, தவழ்ந்து, புல் அல்லது ஸ்னோ குவியல் வரை போய், ஒரு காலை ஊன்றி எழலாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டால், "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். போன் ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். வெளிப்பாக்கெட்டில் குளிர்ந்தால் 40 சதவீதம் சார்ஜ் காட்டிய போன்கூடத் திடீரென்று அணைந்துவிடும்.

திரும்பி வரும்போதும் அந்தப் பத்தடி இருக்கிறது, இந்த முறை களைப்போடு. ஷூவை வாசலில் தட்டி, நாற்காலியில் உட்கார்ந்து க்ளீட்டைக் கழற்றி, உருகிச் சொட்டிய தண்ணீரை யாராவது அப்போதே துடைத்துவிட வேண்டும். க்ளீட்டை வெறும் தண்ணீரில் அலசி, ஹீட்டரில் இருந்து தள்ளிக் காயவையுங்கள். உப்பு ஆணியைத் துருப்பிடிக்க வைக்கும், சூடு ரப்பரை வெடிக்க வைக்கும். ரப்பரை இழுத்துப் பார்க்கும்போது குதிகால் வளைவில் மயிரிழை விரிசல் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அது அறுவது எப்போதும் நடுத்தெருவில்தான்.