எங்கள் அம்மாயி

காங்கேயம் பக்கம் கொரங்காடு எனும் வேலியிட்ட மேய்ச்சல் நிலத்திலேயே வாழ்ந்து முடித்த எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) சென்ற வாரம் காலமானார். கிளுவை வேலிக்குள் மாடுகளை எண்ணிப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும். பேரப்பிள்ளைகள் பிறந்ததைக்கூட மாடுகள் ஈன்ற கணக்கில்தான் சொல்வார்: “செவலை கிடாரி போட்ட ஐப்பசியில் பிறந்தவன் நீ.”

காங்கேயம் கன்றுகள் செந்நிறமாகப் பிறந்து ஆறு மாதவாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும். அந்த நிறம் திரும்பும் வரை எந்தக் கன்றையும் விற்க விடமாட்டார். அப்புச்சி (எங்கள் தாத்தா) கேட்டாலும் பேச்சு கிடையாது. கறக்கும்போது ஒரு காம்பைக் கன்றுக்கென்று விட்டுவிடுவார். எங்கள் காப்பியில் பால் குறைந்தால் குறையட்டும்! மகள்களுக்குப் பிரசவம் பார்த்த அதே பொறுமையோடு சினை மாட்டருகே விடிய விடிய உட்கார்ந்திருப்பார்.

மயிலைப் பசு இன்னும் மாமாவுக்குப் பால் கொடுக்க மறுக்கிறதாம். காரியத்துக்கு வருகிற சொந்தங்கள் மாலை வேண்டாம், ஒரு கட்டு சோளத்தட்டு கொண்டு வாருங்கள்.