அம்மா வீட்டில் இல்லை

வாசலில் பைக் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் போதும், கையில் தோசைக் கரண்டி இருந்தாலும் துடைப்பம் இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடிவிடுவேன். கிணற்றடியில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். என் மகன் கதவைப் பாதி திறந்து, "அம்மா வீட்டில இல்லண்ணே" என்பான். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. முதல் நாலைந்து தடவை நான் சொல்லிக்கொடுத்துச் சொன்னான், அப்புறம் நான் ஒன்றும் சொல்லாமலே அவனாகச் சொன்னான், சொல்லிவிட்டு என்னைத் தேடிக்கூட வரமாட்டான், பாடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். 2020 கடைசியிலிருந்து ஏறக்குறைய ஒரு வருடம் எங்கள் வீடு இப்படித்தான் இருந்தது. அந்த வருடத்தில் என் விசுவாசம் எனக்கு என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதை உள்ளது உள்ளபடி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

எங்களுக்குக் காரைக்குடிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை, ஆத்தங்குடி டைல்ஸ் போடுகிற பட்டறை. இதற்குச் சூளை கிடையாது, பாலிஷ் போடுகிற மெஷின் கிடையாது. கண்ணாடியை நன்றாகத் துடைத்து வைத்து, அதன் மேல் அச்சை வைத்து, பூவுக்கு ஒரு நிறம் இலைக்கு ஒரு நிறம் என்று சாயம் கலந்த சிமென்டைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை ஆடாமல் தூக்கிவிட்டு, மேலே சிமென்டும் மணலும் கலந்த பொடியைத் தூவி, அதற்கும் மேலே ஈரக் கலவையைப் போட்டு மட்டம் பண்ணிக் காயவிட வேண்டும். அப்புறம் கண்ணாடியோடு தொட்டித் தண்ணீரில் இறக்க வேண்டும். ஊறியபிறகு கண்ணாடி தனியாகக் கையோடு வந்துவிடும். கல்லில் தெரிகிற பளபளப்பு முழுக்க அந்தக் கண்ணாடி கொடுத்ததுதான். என் வீட்டுக்காரர் பதினாறு வயதிலிருந்து இந்த வேலை பார்க்கிறார். அச்சைத் தூக்கும்போது அவர் மூச்சு விடுவதில்லை, நான் கவனித்திருக்கிறேன்.

2019இல் ஒரு கான்ட்ராக்டர் பெரிய ஆர்டர் கொண்டுவந்தார். பழைய வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றுகிறோம், மூவாயிரம் கல் வேண்டும், எல்லாம் நீலத்தில் வேண்டும் என்றார். இந்தப் பக்கம் சிவப்பும் பச்சையும் மஞ்சளும்தான் அதிகம் போகும், நீலம் என்றால் வேறு யாருக்கும் தள்ளிவிட முடியாது. அட்வான்ஸ் கொஞ்சம்தான் கொடுத்தார். வெள்ளை சிமென்ட், சாயம், நாலு பேருக்குக் கூலி, இதற்கெல்லாம் என் நகை பேங்குக்குப் போனது, குழுவில் கடன் எடுத்தேன், அதுவும் போதாமல் ஒருவரிடம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கினோம். பாதிக் கல்லை எடுத்துப்போனவர் மீதிக்கு வரவே இல்லை, எடுத்த கல்லுக்கே 1,40,000 ரூபாய் பாக்கி. அதற்குள் 2020 மார்ச் 25 ஊரடங்கு. ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரைக்கும் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்றது வாஸ்தவம்தான், ஆனால் தவணைதான் தள்ளிப்போனது, வட்டி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் கணக்குப் பார்த்தபோது மொத்தம் 4,20,000. தாழ்வாரம் முழுக்க நீலக்கல் அடுக்கியிருந்தது, அதைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போக வேண்டும்.

கடன் என்றால் எங்கள் சீமைக்குப் புதிதில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்துக் கட்டிய வீடுகள்தான் இங்கே தெருத்தெருவாக நிற்கின்றன. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது கொடுத்த கடனையும் கையிலிருந்த நிலத்தையும் விட்டுவிட்டு ஓடிவந்த குடும்பங்கள் எத்தனையோ. என் வீட்டுக்காரர் அந்த மாதிரி வீடுகளில் உடைந்த கல்லை மாற்றப் போவார், வந்து சொல்லுவார், "பத்துக்கட்டு வீடு மாதிரி இருக்கு, ஒரு கட்டுலதான் விளக்கு எரியுது" என்று. வாங்கினவன் மட்டுமில்லை, கொடுத்தவனும் சேர்ந்து அழுத ஊர் இது. எனக்கு இது அப்போது தோன்றவில்லை, இப்போதுதான் தோன்றுகிறது.

கடன் வந்த வீட்டில் பசியைவிடப் பெரிது வெட்கம். கடைத்தெருவில் யாராவது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கால் தானாக வேகமாகப் போகும். போன் மணி அடித்தால் வயிற்றைப் பிசையும். மாதா கோவில் பூட்டியிருந்த மாதங்களில் செல்போனில் பூசை பார்த்தோம், பூசை நடுவில் கடன்காரர் போன் வரும், திரையில் சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடித்திருக்கும்போது அந்த நம்பர் வந்து அதை மறைக்கும். நான் அழுதிருக்கிறேன்.

ஊர் திறந்தபிறகு தெரிந்தவர் ஒருவர் ஒரு ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே பேசியவர், கடன் இருக்கிற வீட்டில் விசுவாசத்தில் ஓட்டை இருக்கிறது, ஆண்டவருக்குக் கொடுத்தால் நூறு மடங்காகத் திரும்பிவரும் என்றார். நான் பால் பாக்கிக்கு வைத்திருந்த ஐந்நூறு ரூபாயைப் போட்டுவிட்டு வந்தேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை, இனிமேல் கும்பிடுவதற்கும் எனக்கு அருகதை இல்லை என்கிற நினைப்போடு வீட்டுக்கு வந்தேன் பாருங்கள், அதை என்னால் மறக்க முடியவில்லை. நொந்துபோய் வருகிறவர்களிடம் இப்படிப் பேசுவது பாவம். மனுஷகுமாரனுக்குத் தலைசாய்க்க இடமில்லை என்று தன்னைப் பற்றியே சொன்னவர் இயேசு. அவருக்கு விசுவாசத்தில் ஓட்டையா இருந்தது?

என்னைத் தூக்கிவிட்டது பக்கத்து வீட்டு டீச்சர். ரிட்டயர் ஆனவர், சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவர். நாங்கள் கத்தோலிக்கர்கள், ஜெபமாலை சொல்லுவோம், நவநாளுக்குப் போவோம், ஆனால் பைபிளை உட்கார்ந்து படிக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் குறைவு. ஒருநாள் கிணற்றடியில் நான் ஒளிந்திருந்ததைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் தன்னுடைய பழைய வேதாகமத்தைக் கொண்டுவந்து, "ஏம்மா, பதிமூணாம் சங்கீதத்தை வாய்விட்டுப் படி, மனசுக்குள்ள படிக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு வசனத்துக்குள் நாலு தடவை 'எதுவரைக்கும்' வருகிறது. எனக்கு ஆச்சரியம். கடவுளிடம் இப்படிப் பேசலாமா? சண்டை போடுகிற மாதிரி, மாமியார் வீட்டிலிருந்து வந்த மகள் அப்பாவிடம் கேட்கிற மாதிரி? பேசலாம் என்று பைபிளிலேயே இருக்கிறதே. அன்றைக்கு ராத்திரி நான் நல்ல பிள்ளை மாதிரி ஜெபிக்கவில்லை, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன், அப்புறம் தூங்கினேன். பல மாதம் கழித்து நன்றாகத் தூங்கினது அன்றுதான்.

அந்த வேதாகமத்தைப் புரட்டிக்கொண்டே போனதில் மத்தேயு ஆறாம் அதிகாரம் வந்தது. பரலோக மந்திரம், இயேசு சொல்லிக்கொடுத்த ஜெபம். சின்ன வயதிலிருந்து நாங்கள் 'எங்கள் குற்றங்களை மன்னியும்' என்றுதான் சொல்லிப் பழக்கம். அதில் அச்சடித்திருந்தது வேறு. "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." கடன். அந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதே வாரம் ஒருநாள் ராத்திரி பதினோரு மணி ஆகியும் என் வீட்டுக்காரர் வீடு திரும்பவில்லை. போன் எடுக்கவில்லை. என் மனதில் என்ன ஓடியது என்று எழுத வேண்டியதில்லை, கடன்பட்ட வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். டார்ச்சை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். தொட்டித் திட்டில் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எனக்குப் பேச வாய் வரவில்லை, பரலோக மந்திரம்தான் வந்தது. அவரும் கூடவே முணுமுணுத்தார். அந்த இடம் வந்தபோது என் வாயில் 'கடன்களை' என்று வந்துவிட்டது. அவர் நிறுத்திவிட்டார்.

"என்ன சொன்ன?"

"டீச்சர் குடுத்த பைபிள்ல அப்படித்தாங்க இருக்கு. கடன்னு."

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப அவருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பழக்க தோஷத்தில் ஒரு கல்லை எடுத்தார், கண்ணாடி தனியாக வந்தது, கைலி முனையால் கல்லைத் துடைத்து என் பக்கத்தில் வைத்தார். டார்ச் வெளிச்சத்தில் அதில் எங்கள் இரண்டு பேர் நிழலும் தெரிந்தது. ஒரு ரூபாய் கடன் அன்றைக்குக் குறையவில்லை. ஆனால் கடன்காரன் என்றால் கடவுள் முகம் திருப்பிக்கொள்வார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது அன்றோடு போயிற்று. அவர் கற்றுக்கொடுத்த ஜெபத்துக்குள்ளேயே எங்களை மாதிரி ஆட்களுக்கு ஒரு வரி போட்டு வைத்திருக்கிறார்.

மகன் கேட்டது அதற்குப் பிறகு. 2021இல் புதுநன்மைக்கு, அதாவது முதல் தடவை நற்கருணை வாங்குவதற்கு, அவனைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் செய்த பாவங்களை நினைத்துப் பார்க்கச் சொல்லி சிஸ்டர் அனுப்பியிருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான், "அம்மா, நீங்க வீட்டில இல்லைன்னு நான் சொல்றது என் பாவமா, உங்க பாவமா?" எனக்குச் சோறு இறங்கவில்லை. "என் பாவம்தான் தம்பி" என்றேன். "அப்ப நான் சாமியார்ட்ட சொல்ல வேணாமா?" என்று கேட்டுவிட்டு நிம்மதியாக ரசம் ஊற்றிக்கொண்டான்.

சத்தியம் உங்களை விடுதலையாக்கும் என்கிற வசனத்தை எத்தனையோ சுவரில் எழுதிப் பார்த்திருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை பைக் சத்தம் கேட்டபோது எழுந்த கால் கொல்லைப்பக்கம்தான் திரும்பியது, சேசுவே என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு வந்து கதவை முழுசாகத் திறந்தேன். குழுக் கடன் வசூலுக்கு வருகிற பையன், இருபத்துநாலு வயது இருக்கும். "தம்பி, இன்னைக்கு என்கிட்ட இருநூறு ரூபாதான் இருக்கு. இவ்வளவு நாள் இல்லைன்னு சொல்லி ஒளிஞ்சது என் தப்பு" என்றேன். அவன் திண்ணையில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். "நீங்க பின்னாடி இருக்கீங்கன்னு தெரியும்க்கா. கல்லுக்குப் பக்கத்துல உங்க முந்தானை தெரியும்" என்றான். மோர் கொடுத்தேன். குடிக்கிற நேரத்துக்குள் அவன் ஆபீஸிலிருந்து மூன்று போன், எத்தனை வசூல் என்று. அவனும் யாருக்கோ பயந்துகொண்டுதான் இருந்தான்.

அப்புறம் நடந்ததெல்லாம் சாதாரண வேலைதான். பத்து வட்டிக்காரருக்கு முதலில் முடித்தோம், அதற்கு நகையை மீட்டு விற்றோம். பேங்கில் போய்ப் பேசித் தவணையை மாற்றினோம். என் வீட்டுக்காரர் எட்டு மாதம் வேறொருவர் பட்டறையில் கூலிக்குப் போனார். நீலக்கல்லில் கொஞ்சம் கோயம்புத்தூரில் ஒருவர் வாங்கிக்கொண்டார், மீதியை எங்கள் அடுப்படியிலேயே பதித்துவிட்டோம். இன்னும் 85,000 கடன் இருக்கிறது. 'அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்' என்று அதே மத்தேயு ஆறில் வரும். பாடு என்றால் உழைப்பும் அதுதான், கஷ்டமும் அதுதான், சிலுவையில் அவர் பட்டதற்கும் அதே சொல்தான். தவணை கட்டப் போகும்போது அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டு போவேன்.

2022 பிப்ரவரியில் திருவாடானை வழியாக ஓரியூருக்குப் போய் வந்தோம். அங்கே உயிர்விட்ட புனித அருளானந்தரை, ஜான் டி பிரிட்டோ சாமியாரைப் பற்றி அதுவரை நான் திருவிழா அளவில்தான் தெரிந்துவைத்திருந்தேன். லிஸ்பனில் அரண்மனையில் வளர்ந்த பிள்ளை. 1686இல் இந்த மறவர் சீமையில் பிடித்துச் சித்திரவதை செய்து விட்டார்கள், ஊருக்குத் திரும்பிப்போய் அங்கேயே நிம்மதியாக இருந்திருக்கலாம், 1690இல் திரும்ப இங்கேயே வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலையை வெட்டினார்கள். அதற்கு முன்னால் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் சந்தோஷமாகத்தான் எழுதியிருக்கிறார். கட்டிப்போட்டிருந்த மனிதர் அவர், நான் என் சொந்த வீட்டுக் கொல்லையில் யாரும் கட்டாமலே கட்டுண்டு கிடந்தவள். அந்தச் செம்மண்ணைக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்து மாதா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

ஆனால் பரலோக மந்திரத்தில் அந்தக் கடன் வரிக்கு முன்பாதி ஒன்று இருக்கிறதே. எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல. அந்த 1,40,000 இன்னும் வரவில்லை.

போன மாதம் காரைக்குடிச் சந்தையில் அந்தக் கான்ட்ராக்டரைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் தேங்காய்க் கடைப் படுதாவுக்குப் பின்னால் ஒதுங்கி, விலை கேட்கிற மாதிரி குனிந்துகொண்டார். சட்டைக் கை வெளியே தெரிந்தது. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, மண்டைக்கு ஏறியது. அப்புறம் அந்தக் குனிந்த முதுகு எனக்கு நன்றாகத் தெரிந்த முதுகு. கிட்டே போய், "அண்ணே, நல்லா இருக்கீங்களா? வீட்டில எல்லாரும் சுகமா?" என்றேன். அவர் நிமிர்ந்து, "தந்துர்றேன்மா, கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்றார். முகமெல்லாம் வியர்வை. சரிண்ணே என்று வந்துவிட்டேன்.

பணத்தை விட்டுவிட்டேன் என்று சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை, எங்களுக்கும் அது தேவை. ராத்திரி ஜெபத்தில் அந்த வரி வரும்போது அவர் பெயரைச் சொல்லுகிறேன். சில நாள் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறேன். சில நாள் அங்கேயே நின்றுவிடுகிறேன், மகன்தான் எனக்குப் பதிலாக மீதியைச் சொல்லி முடிக்கிறான்.