நான்கு போல்ட்டுகள்

நான் ஆபரேட்டராக வேலை பார்த்த தியேட்டர் இப்போது கிடங்கு. திரை இருந்த சுவரையே இடித்துவிட்டார்கள். ஆபரேட்டர் ரூம் எதற்கும் உதவாததால் தப்பித்திருக்கிறது. சமீபத்தில் உள்ளே போய்ப் பார்த்தேன். தரையில் நான்கு போல்ட்டுகள், பக்கத்தில் சிமென்ட் பூசி மூடிய நான்கு குழிகள், கூரையில் புகை போக ஒரு ஓட்டை. தியேட்டரின் வரலாறு என்று கேட்டால் நான் இவற்றைத்தான் காட்டுவேன்.

போல்ட்டும் குழியும் இரண்டு புரொஜெக்டர்கள் நின்ற இடம். 2,000 அடி ரீல் சுமார் 22 நிமிடம் ஓடும். அது முடியும் நேரத்தில் படத்தின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழெட்டு நொடியில் இரண்டாவது புள்ளி. அப்போது மாற்ற வேண்டும். அந்தப் புள்ளி தெரிவது நான்கே ஃபிரேம்கள், அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கு. தும்மினால் போச்சு.

வெளிச்சத்துக்கு இரண்டு கார்பன் குச்சிகள், அவற்றின் முனைகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து ஒளிரும். எரிய எரிய அந்த இடைவெளி கூடும், திரை மங்கும், குச்சியை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கூரை ஓட்டை அந்தப் புகைக்குத்தான்.

ஒருமுறை நான்காவது ரீலுக்கு முன் ஐந்தாவதைப் போட்டுவிட்டேன். ஐந்தில் மாலை போட்ட படமாகத் தொங்கியவர், நான்கில் நடந்து வந்தார். பாதிப் பேர் கத்தினார்கள். மீதிப் பேர் பிளாஷ்பேக் என்று நினைத்துப் பொறுமையாகப் பார்த்தார்கள்!

அப்புறம் செனான் விளக்கு வந்தது. புகையில்லை, நகர்த்தல் இல்லை. ரீல்களை ஒட்டி ஒரே பெரிய ஸ்பூலில் ஓட்டலாம். சந்தோஷப்பட்டேன். இரண்டாவது மெஷினைக் கழற்றிக் குழியை மூடினார்கள், கூடவே என் உதவியாளரையும் அனுப்பிவிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

டிவி வந்துதான் தியேட்டர் மூடியது என்பார்கள். டிவி கூட்டத்தைக் குறைத்தது, சரி. ஆனால் குறைந்த கூட்டத்தோடும் பல வருடம் ஓட்டினோம். டிஜிட்டல் சினிமாவுக்கான பொது விதிகளை ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் 2005-ல் வெளியிட்டன. பிறகு படம் ஹார்ட் டிஸ்க்கில் வரத் தொடங்கியது, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் திறக்கும் டிஜிட்டல் சாவியோடு. எங்கள் முதலாளி புது மெஷின் வாங்கவில்லை. பிலிமில் பிரிண்ட் வருவது நின்றது. மூடுவதற்கு அதுவே போதுமாக இருந்தது.

கடைசிக் காட்சி முடிந்ததும் பெரிய ஸ்பூலைப் பிரித்து, தனித்தனி ரீலாகச் சுற்றி, ஒட்டுகளை விரலால் தடவிப் பார்த்து, வரிசை எண் எழுதிப் பெட்டியில் அடுக்கினேன். அந்தப் பிரிண்ட் வேறு எந்தத் தியேட்டருக்கும் போகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான்கையும் ஐந்தையும் இரண்டு முறை சரிபார்த்தேன்.